முஸ்லிம் பயணிகளுக்கு ஏற்ற சுற்றுலா: பொறுப்பைப் பங்கிடுவது எப்படி?

விடுதி அறையில் கிப்லா (தொழும்போது நோக்கும் திசை) அம்புக்குறி ஒட்டியிருக்கும். பேருந்தோ லுஹர் எனும் மதியத் தொழுகை நேரம் முழுக்கத் தொழ இடமில்லாத சாலையில் ஓடும். குறை பெரும்பாலும் இப்படி ஒருவர் பொறுப்பு முடிந்து அடுத்தவர் பொறுப்பு தொடங்கும் இடத்தில்தான் வருகிறது. மலேசியாவின் எம்.எஸ். 2610:2015 தரநிலை தங்குமிடம், பயணத் தொகுப்பு, வழிகாட்டி மூன்றையும் சேர்த்தே பேசுகிறது.

பொறுப்பைப் பங்கிடக் கூட்டம் போடுவதற்கு முன், ஒரு நாள் பயணத்திட்டத்தை அப்படியே நடந்து பாருங்கள். தொழுகை நேரங்களில் பயணி எங்கே இருப்பார் என்று குறியுங்கள். பயணத்தில் லுஹரையும் பிற்பகல் தொழுகையான அஸரையும் சேர்த்துத் தொழுவோர் உண்டு. ஹனஃபி மத்ஹபினர் (இஸ்லாமியச் சட்ட மரபுகளில் ஒன்றைப் பின்பற்றுவோர்) பொதுவாகச் சேர்ப்பதில்லை. எனவே மதியத்துக்கு ஓர் இடம், பிற்பகலுக்கு ஓர் இடம் தேவை. பிறகு சுற்றுலாத் துறை, ஹலால் சான்றளிக்கும் அமைப்பு, விடுதி, உணவகம், பயண முகவர், பள்ளிவாசல் ஜமாஅத் ஆகியோரை அழையுங்கள். ஒவ்வொரு குறைக்கும் ஒரே ஒரு பொறுப்பாளர், ஒரு கெடு தேதி. "எல்லோரும் பார்த்துக்கொள்வோம்" என்றால் யாரும் பார்க்கமாட்டார்கள்.

அதிகம் சறுக்குவது சமையலறையில். பன்றி இறைச்சி இல்லை என்பதாலேயே உணவு ஹலால் ஆகிவிடாது. இனிப்பில் ஜெலட்டின் (விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது), சாஸில் ஒயின், பொரிக்கும் பொது எண்ணெய், எல்லா இறைச்சிக்கும் ஒரே கத்தி என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். சான்றிதழ் எந்தச் சமையலறைக்கு, எந்தத் தேதி வரை என்று படியுங்கள். விடுதியில் மூன்று உணவகங்கள் இருந்து, ஒன்றுக்கு மட்டும் சான்று இருக்கலாம். இறைச்சி தருபவரை மாற்றினால் சான்றளிப்பவருக்கும் முகவருக்கும் அன்றே தெரிய வேண்டும். பட்டியலில் முழுச் சான்று பெற்றது, ஹலால் இறைச்சி உண்டு ஆனால் மதுவும் விற்பது, சைவம் மட்டும் எனப் பிரித்து எழுதுங்கள். முடிவு பயணியுடையது.

தொழுமிடத்தில் ஒருவருக்கு ஏறக்குறைய 120 செ.மீ நீளமும் 60 செ.மீ அகலமும் போதும். பெண்களுக்குத் தடுப்பு வேண்டும். உளூ (தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவுவது) செய்யும் இடத்தில் தாழ்வான குழாய், வழுக்காத தரை, உட்காரத் திட்டு. கைகழுவும் தொட்டியில் காலைத் தூக்கிக் கழுவச் சொல்வது வசதியல்ல, ஆபத்து. கிப்லாவைக் கைபேசித் திசைகாட்டியை மட்டும் நம்பிக் குறிக்காதீர்கள். இரும்புக் கட்டில் அருகே முள் விலகும். வரைபடத்தில் மக்காவிலுள்ள கஃபாவை நோக்கிய திசையை அளந்து, ஜமாஅத்திடம் சரிபாருங்கள்.

ரமலான் ஆண்டுதோறும் 10 அல்லது 11 நாள் முன்னே வரும். பழைய நேர அட்டவணையை எடுத்து வைத்தால் நோன்பு தொடங்குமுன் உண்ணும் சஹர் உணவு, அதிகாலைத் தொழுகையான ஃபஜ்ருக்குப் பிறகு அறைக்கு வரக்கூடும். இரவுப் பணிச் சமையல்காரரையும் ஜும்ஆ தொழுகை நடக்கும் வெள்ளிக்கிழமையின் பேருந்து நேரத்தையும் முன்பதிவு திறக்கும்போதே உறுதி செய்துவிடுங்கள்.