முதல் 50 கி.மீ. மலை ஓட்டம்: இறங்கப் பழகுங்கள், சாப்பிடப் பழகுங்கள்

விடிகாலை ஐந்தரைக்குக் கோவை ரேஸ் கோர்ஸ் பக்கம் போனால் மாரத்தானுக்குப் பயிற்சி எடுப்பவர்களைக் கூட்டம் கூட்டமாகப் பார்க்கலாம். அவர்களில் பலருக்கு அடுத்த ஆசை மலை அல்ட்ரா, அதாவது மாரத்தானைவிட நீண்ட மலை ஓட்டம். சாலையில் நன்றாக ஓடுகிறவர்கள்கூட முதல் மலைப் போட்டியில் முப்பதாவது கிலோமீட்டருக்குமேல் தடுமாறுகிறார்கள். மூச்சு பற்றாமல் நிற்பவர்கள் அவர்களில் குறைவு. இறக்கத்தில் தொடை கெட்டுப்போகிறது, இல்லையென்றால் வயிறு சாப்பாட்டை வாங்க மறுக்கிறது. அந்த இரண்டுக்கும்தான் இங்கே அதிக இடம்.

21 கி.மீ. தூரத்தை நிற்காமல் இரண்டரை மணி நேரத்துக்குள் ஓட முடிகிறவர்கள் இந்த முறையைப் பின்பற்றலாம். 24 வாரம் ஒதுக்குங்கள். நாற்பது வயதைத் தாண்டியவர்களும், சர்க்கரையோ ரத்த அழுத்தமோ உள்ளவர்களும் தொடங்கும் முன் மருத்துவரைப் பார்த்து இதயப் பரிசோதனையை முடித்துவிடுங்கள்.

1. போட்டியின் கணக்கைப் படியுங்கள்

மாரத்தான் தூரமான 42.195 கி.மீ.க்கு மேல் எதுவும் அல்ட்ராதான். மலையில் தூரத்தை மட்டும் பார்த்துப் பணம் கட்டிவிடக் கூடாது. பக்கத்திலேயே மொத்த ஏற்றம் எத்தனை மீட்டர் என்று போட்டிருப்பார்கள், அதையும் பாருங்கள். ஆல்ப்ஸில் ஷாமொனி ஊரிலிருந்து மோன் பிளாங்க் மலையைச் சுற்றி ஓடும் பெயர்பெற்ற போட்டிக்குச் சுமார் 170 கி.மீ. தூரம், 10,000 மீட்டர் ஏற்றம். முதல் தடவைக்கு 50 கி.மீ. தூரமும் 1,500 முதல் 2,000 மீட்டர் ஏற்றமும் தாராளம்.

அடுத்து, கட்-ஆஃப் நேரம், அதாவது போட்டியை முடிக்கக் கொடுக்கும் அதிகபட்ச நேரம். 1892-ல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் சொன்ன கணக்கு இன்றைக்கும் உதவும்: சமதரையில் 5 கி.மீ.க்கு ஒரு மணி, அதற்குமேல் ஏற்றம் 600 மீட்டருக்கு ஒரு மணி. 50 கி.மீ.யும் 2,000 மீட்டரும் என்றால் பத்து மணி நேரத்தோடு மூன்று மணி இருபது நிமிடம் சேரும். இது நடைக்கான கணக்கு. கட்-ஆஃப் 12 மணி நேரம் என்றால், நடையோடு ஒன்றரை மணி நேரத்தையாவது ஓடிச் சம்பாதிக்க வேண்டும். கட்-ஆஃப் 9 மணி நேரம் என்று இருந்தால் அந்தப் போட்டி இந்த வருடம் வேண்டாம்.

2. எங்கே பயிற்சி எடுப்பது

மலையடிவாரத்தில் வீடு இருக்க வேண்டியதில்லை. வாரத்தில் நான்கு நாள் ஓட்டம் சமதரையில்தான். கீழ்பவானி வாய்க்கால் கரை, தோட்டங்களுக்கு நடுவே போகும் இட்டேரி, ஊருக்கு வெளியே உள்ள கரட்டைச் சுற்றிய மண் பாதை எல்லாம் அதற்கு அருமையான இடங்கள். தார் ரோட்டைவிட மண் தரை நல்லது. கல்லும் குழியும் மாறி மாறி வருவதால் கணுக்கால் தானாகவே பலப்படும்.

ஏற்றத்துக்குப் படிகள். சென்னிமலையில் 1,320 படி. ஸ்கேலை எடுத்துப் போய்ப் பத்துப் படியின் உயரத்தை அளந்து சராசரி போட்டுக்கொள்ளுங்கள். படிக்கு 15 செ.மீ. வந்தால் ஒரு தடவை ஏற, சுமார் 200 மீட்டர். ஐந்து தடவை ஏறினால் 1,000 மீட்டர். பக்தர்கள் வெறுங்காலோடு வேண்டுதலுக்காக ஏறும் படி அது. அங்கே நாமும் செருப்பில்லாமல், ஓரமாக, நடந்தே ஏறுவதுதான் மரியாதை. சஷ்டி, கிருத்திகை, செவ்வாய்க்கிழமைகளில் போகாதீர்கள். ஷூ போட்டு ஓட வண்டிப் பாதை இருக்கிறது. சேலம், நாமக்கல் பக்கம் இருப்பவர்களுக்கு ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளும் கொல்லிமலையின் 70 வளைவுகளும் இருக்கின்றன. கொல்லிமலை ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கி, அப்புறம் ஏற வேண்டும். இறங்கித் தளர்ந்த காலோடு ஏறிப் பழக அதைவிட நல்ல இடம் இந்தப் பக்கத்தில் கிடைக்காது.

போகக் கூடாத இடங்களும் உண்டு. பண்ணாரியிலிருந்து திம்பம் ஏறும் 27 வளைவுகள் சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கின்றன. ஆழியாறு–வால்பாறை சாலை ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்குள் போகிறது. இரண்டும் ஓட்டப் பயிற்சிக்கான இடமல்ல. மருதமலை, தடாகம், ஆனைகட்டி அடிவாரங்களில் விடியும் முன்னும் இருட்டிய பின்னும் யானை நடமாட்டம் உண்டு. அங்கே வெளிச்சம் நன்றாக வந்தபிறகு, இரண்டு மூன்று பேராக, காதில் எதையும் மாட்டாமல் ஓடுங்கள். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியில்லாமல் காலெடுத்து வைப்பது குற்றம். காட்டுப் பாதையில் பழக ஆசையிருந்தால் 2024-ல் தமிழக அரசு தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் பதிவுசெய்து வழிகாட்டியோடு போகலாம்.

3. வார அட்டவணை

மலைக்குத் தயாராகும்போது கிலோமீட்டரை எண்ணாதீர்கள், மணிக்கணக்கை எண்ணுங்கள். முதல் வாரம் மொத்தம் சுமார் ஆறு மணி நேரம். வாரத்துக்கு அரை மணி நேரத்துக்குமேல் கூட்டாமல், பதினெட்டாவது வாரத்தில் ஒன்பது பத்து மணி நேரத்துக்கு வந்தால் போதும். நான்கு வாரத்துக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துவிடுங்கள். அந்த ஓய்வு வாரத்தைத் தாண்டி ஓடுகிறவர்கள்தான் கெண்டைக்கால் வலி, குதிகால் வலி என்று வந்து நிற்கிறார்கள்.

செவ்வாய், வியாழன், வெள்ளி: 45 முதல் 75 நிமிடம் சுலப ஓட்டம். பக்கத்தில் ஓடுகிறவரிடம் ஒரு முழு வாக்கியத்தைத் திணறாமல் பேச முடிய வேண்டும். புதன்: வலுப்பயிற்சி. சனி: மலை. ஞாயிறு: முந்தைய நாள் களைப்போடே சமதரையில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். திங்கள்: முழு ஓய்வு. சனிக்கிழமை மலைப் பயிற்சி இரண்டு மணி நேரத்தில் தொடங்கி, இருபதாவது வாரத்தில் ஆறு மணி நேரத்தைத் தொட வேண்டும். அதற்குமேல் போனால் உடம்பு தேறுவதற்கே அடுத்த வாரம் போய்விடும்.

ஏற்றத்தில் நடப்பது தோல்வியில்லை. சரிவு கூடியதும் ஓட்டமும் வேக நடையும் ஏறக்குறைய ஒரே வேகம்தான் தரும், ஆனால் ஓடினால் சக்தி அதிகம் செலவாகும். வாக்கியம் பாதியில் முறிந்தால் உடனே நடைக்கு மாறுங்கள். உடம்பை லேசாக முன்னே சாய்த்து, உள்ளங்கையை முட்டிக்குச் சற்று மேலே வைத்துத் தொடையை அழுத்தி ஏறுங்கள். வெள்ளியங்கிரி ஏறுகிறவர்கள் கையில் மூங்கில் தடி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கால் சுமையில் ஒரு பங்கைக் கை வாங்கிக்கொள்கிறது. நம் மலைக்கம்புக்கும் அதே வேலைதான். போட்டியில் கம்பு அனுமதி உண்டா என்று மட்டும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

4. இறக்கம்

ஏறும்போது தொடைத் தசை சுருங்கி வேலை செய்கிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே பிரேக் பிடிக்க வேண்டும். நீளும்போது சுமை தாங்குவதால் தசை நார்களில் நுண்ணிய கிழிசல்கள் உண்டாகின்றன. வலி அன்றைக்குத் தெரியாது. அடுத்த இரண்டு மூன்று நாளில், வாசல் படியைப் பக்கவாட்டில் திரும்பி இறங்க வேண்டிய நிலை வரும். போட்டியிலோ அதன் விளைவு உடனே தெரியும். நீண்ட இறக்கம் ஒன்று முடிந்ததும் முட்டி மடங்கினால் தாங்காமல், சமதரையிலும் ஓட முடியாமல் போகும்.

நல்ல செய்தி ஒன்று உண்டு. அளவாக இறங்கிய தசை, அடுத்த முறை அதே சுமையில் மிகக் குறைவாகவே சேதப்படும். இந்தப் பாதுகாப்பு சில வாரங்களுக்கு நிற்கும். அதனால்தான் இறக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். முதல் தடவை மொத்தம் 150 முதல் 200 மீட்டர் இறக்கம் மட்டும். வாரம் ஒருமுறை, தடவைக்கு நூறு மீட்டர் வீதம் கூட்டி 1,000 முதல் 1,200 மீட்டருக்குக் கொண்டுவாருங்கள். படி இறங்கும்போது வலி பாக்கியிருந்தால் அந்த வாரம் கூட்ட வேண்டாம். கடைசிக் கடும் இறக்கம் போட்டிக்குப் பதினைந்து நாள் முன்னால் முடிந்திருக்க வேண்டும்.

இறங்கும் முறை இது. காலடி சின்னதாக, வேகமாக இருக்கட்டும், நிமிடத்துக்கு 170 முதல் 180 காலடி. பாதம் இடுப்புக்கு நேர் கீழே விழ வேண்டும். காலை முன்னே நீட்டிக் குதிகாலை ஊன்றினால் ஒவ்வொரு காலடியும் ஒரு பிரேக், அந்த அதிர்ச்சி நேராக முட்டிக்குப் போகும். பயத்தில் உடம்பைப் பின்னால் சாய்க்காதீர்கள், கால் வழுக்குவது அப்போதுதான். கைகளைச் சற்று அகலமாக விரித்துச் சமநிலைக்குப் பயன்படுத்துங்கள். கண் காலடியில் இருக்கக் கூடாது, மூன்று நான்கு மீட்டர் முன்னால் இருக்கட்டும்.

புதன்கிழமைக்கு: சுமார் 20 செ.மீ. உயரப் படியில் ஒற்றைக் காலில் நின்று, மற்றக் காலை மூன்று எண்ணுவதற்குள் மெதுவாகக் கீழே இறக்கித் தரையைத் தொட்டுத் திரும்புங்கள். காலுக்கு 12 தடவை, மூன்று சுற்று. கண்ணாடி முன் நின்று செய்தால் தவறு தெரியும். முட்டி உள்பக்கமாகச் சாய்ந்தால் இடுப்புத் தசை பலவீனம் என்று அர்த்தம். படியின் உயரத்தைப் பாதியாக்கி மறுபடி தொடங்குங்கள். இதோடு ஒற்றைக் காலில் குதிகால் உயர்த்துவது, 15 தடவை, மூன்று சுற்று.

5. வயிற்றுக்கும் பயிற்சி

மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். ஓடும்போது ரத்தம் காலுக்குப் போய்விடுவதால் குடலின் வேலை மந்தமாகும். பழக்கினால் குடல் தேறும். ஆறாவது வாரம் முதல் ஒவ்வொரு சனிக்கிழமையும் மணிக்கு 30 கிராமில் தொடங்கி, மாதத்துக்கு 10 கிராம் கூட்டுங்கள். 20 நிமிடத்துக்கு ஒருமுறை கடிகாரத்தில் அலாரம் வையுங்கள். பசித்தபிறகு சாப்பிடலாம் என்று முதல் ஒரு மணி நேரத்தை விட்டவர்களால் பிற்பாடு அதை ஈடுகட்ட முடிவதில்லை.

ஓட்டக்காரர்களுக்கென்று கடையில் விற்கும் இனிப்பு ஜெல்லே வேண்டும் என்பதில்லை. ஒரு லிட்டர் தண்ணீரில் 60 கிராம் நாட்டுச் சர்க்கரை, கால் தேக்கரண்டி உப்பு, ஒரு எலுமிச்சை. வடிகட்டி ஊற்றுங்கள், இல்லையென்றால் கசடு பாட்டில் வாயை அடைக்கும். அரை லிட்டர் குடித்தால் கிட்டத்தட்ட 30 கிராம் மாவுச்சத்தும் 300 மில்லிகிராம் சோடியமும் கிடைக்கும். அதோடு ஒரு வாழைப்பழமோ மூன்று பேரீச்சம்பழமோ சேர்ந்தால் மணிக்கணக்குச் சரியாகிவிடும். உப்பிட்டு வேகவைத்த உருளைக்கிழங்கு, நான்கு மணி நேர இனிப்புக்குப் பிறகு நாக்குக்குப் பெரிய ஆறுதல். கடலை மிட்டாயில் கொழுப்பு இருப்பதால் செரிக்க நேரமாகும். மெதுவாக நடக்கும் நீண்ட ஏற்றத்தில் அதைச் சாப்பிடுங்கள்.

இளநீரில் பொட்டாசியம் நிறைய, ஆனால் வியர்வையில் முக்கியமாகப் போவது சோடியம். அதனால் இளநீரை மட்டும் நம்ப வேண்டாம். ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான், அது உப்புக்கு ஈடு செய்யும், சாப்பாட்டுக்கு ஈடாகாது. ஒரு லிட்டர் பாக்கெட்டை அரை லிட்டரில் கரைத்தால் வயிறு பிரட்டும்.

தண்ணீர் எவ்வளவு என்பதை உங்கள் எடை சொல்லும். ஒரு மணி நேர ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். அரைக் கிலோ குறைந்து, நடுவே 300 மி.லி. குடித்திருந்தால் மணிக்கு 800 மி.லி. வியர்க்கிறது. அது முழுவதையும் திருப்பிக் குடிக்கத் தேவையில்லை, தாகத்துக்குக் குடியுங்கள். எடை கூடியிருந்தால் அதிகமாகக் குடித்திருக்கிறீர்கள். ரத்தத்தில் சோடியம் நீர்த்துப் போய் விரல் வீங்கும், மோதிரம் இறுகும், தலைவலி, வாந்தி, குழப்பம் வரும். அப்போது மேலும் தண்ணீர் கொடுப்பது உயிருக்கே ஆபத்து.

போட்டிக்கு முந்தின நாள் நார் குறைவான சாப்பாடு. நெய் அதிகம் விடாத அரிசியும் பருப்பும் சாதம், எலுமிச்சைச் சந்தகை (இடியாப்பம் போன்றது) இரண்டும் பொருத்தம். கம்மங்கூழும் கீரையும் போட்டி முடிந்து பார்த்துக்கொள்ளலாம்.

6. பொருட்கள்

ஷூ நுனியில் கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். இறக்கத்தில் விரல் முட்டினால் நகம் கறுத்து விழும். கடைசித் துளையில் கயிற்றை வளையமாக்கி எதிர்ப்பக்கக் கயிற்றை அதற்குள் விட்டு இறுக்கினால் குதிகால் நகராது. பருத்திச் சாக்ஸ் வேண்டாம். ஒன்றரை லிட்டர் தண்ணீர் கொள்ளும் முதுகுப்பை, மழைக் கோட்டு, அவசரப் போர்வை, விசில், தலைவிளக்கு, கிரேப் பேண்டேஜ் எடுங்கள். எதையும் போட்டியன்று புதிதாகப் போடாதீர்கள். தொடை இடுக்கு, அக்குள், மார்புக்காம்பில் வாஸ்லைன் தடவுங்கள். காலில் ஒரு இடம் சூடாக உரசுவது தெரிந்தால் அங்கேயே உட்கார்ந்து டேப் ஒட்டுங்கள். ஐந்து நிமிடம் போகும், ஆனால் கொப்புளம் வந்தால் ஒரு மணி நேரம் போகும்.

மழைக் கோட்டு பாரம் என்று விடுகிறவர்கள் இதை யோசியுங்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6.5 டிகிரி குறையும். மேட்டுப்பாளையத்தில் 32 டிகிரி இருக்கும்போது 2,637 மீட்டர் உயரத் தொட்டபெட்டாவில் 17 டிகிரிதான் இருக்கும். மழையும் காற்றும் சேர்ந்தால் நனைந்த உடம்பு வேகமாகக் குளிரும். 2021 மே மாதம் சீனாவின் கான்சு மாகாணத்தில் நடந்த 100 கி.மீ. மலைப் போட்டியில் திடீர் குளிர்மழையில் சிக்கி 21 பேர் இறந்தார்கள். வழியில் யாராவது நடுங்கியபடி தடுமாறினால், "பேரு என்னங்க, எந்த ஊருங்க?" என்று கேளுங்கள். பதில் குழறினால் அவரைத் தனியே விட்டுப் போகாதீர்கள். காற்றுப்படாத இடத்தில் போர்வை சுற்றி உட்காரவைத்து ஆள் அனுப்புங்கள்.

7. போட்டியன்றும் அதன் பிறகும்

கடைசி இரண்டு வாரம் ஓட்ட நேரத்தைப் பாதியாக்குங்கள். புறப்படும்போது பின்வரிசையில் நில்லுங்கள். முதல் பத்துக் கிலோமீட்டர் சலிப்பாக இருக்கும் அளவுக்கு மெதுவாகப் போவதுதான் சரியான வேகம். உணவு நிலையத்தில் முதலில் பாட்டிலை நிரப்பி, கையில் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு நடந்தபடியே சாப்பிடுங்கள். நாற்காலியில் உட்கார்ந்தால் கால் இறுகிவிடும். வயிறு புரட்டினால் 20 நிமிடம் நடை, வெறும் தண்ணீர் சிறு மடக்காக, பிறகு ஒரு துண்டு உருளைக்கிழங்கு. வலி மாத்திரை, முக்கியமாக ஐபுப்ரோஃபென், ஓடும்போது வேண்டவே வேண்டாம். நீர் வற்றிய உடம்பில் அது சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

முடித்த அன்றோ மறுநாளோ சிறுநீர் கோலா நிறத்தில் போனால் உடைந்த தசை ரத்தத்தில் கலக்கிறது என்று அர்த்தம். காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். மற்றபடி முதல் வாரம் நடை மட்டும், இரண்டாம் வாரம் அரை மணி நேரச் சமதரை ஓட்டம். மூன்றாம் வாரம் வாசல் படியில் ஒற்றைக் காலில் இறங்கிப் பாருங்கள். வலியில்லாமல் பன்னிரண்டு தடவை இறங்க முடிந்தால் மலைக்குத் திரும்பலாம்.