முதல் ஒட்டுறவோடு நிற்காதீர்கள்: நேரியலற்ற அமைப்பைக் கண்டுபிடிக்கும் செய்முறை

ஒரு பெட்டி. திறந்து பார்க்க முடியாது. உள்ளீடு கொடுக்கலாம், வெளியீட்டை அளக்கலாம். உள்ளே இருப்பது நேரியல் அமைப்பு (உள்ளீடுகளைக் கூட்டினால் வெளியீடுகளும் அப்படியே கூடும் வகை) என்றால், இரண்டுக்கும் குறுக்கு ஒட்டுறவு எடுத்தாலே, அதாவது வெளியீட்டை வெவ்வேறு தாமதங்களில் முந்தைய உள்ளீடுகளோடு பெருக்கிச் சராசரி பார்த்தாலே போதும். நேரியலற்றதாக இருந்தால் அது போதாது.

எனக்கு இது உறைத்தது, எதிர்க் குறி மின்னழுத்தத்தையும் நேர்க் குறியாக்கிவிடும் முழு அலைத் திருத்தி ஒன்றைச் சோதித்தபோது. இரைச்சலை உள்ளே விட்டு ஒட்டுறவு கணக்கிட்டேன். எல்லாத் தாமதங்களிலும் கிட்டத்தட்ட பூஜ்யம். வயர் எங்கோ விட்டுப்போயிருக்கிறது என்று சாயங்காலம் முழுக்க இணைப்புகளைப் பார்த்தேன். எல்லாம் சரியாகவே இருந்தன. திருத்தி +1-க்கும் −1-க்கும் ஒரே வெளியீட்டைத் தருகிறது. அதனால் நேர்ப் பக்கம் சேர்த்ததை எதிர்ப் பக்கம் கழித்துவிடுகிறது. உள்ளீட்டின் வர்க்கத்தோடு ஒட்டுறவு எடுத்ததும் உறவு பளிச்சென்று தெரிந்தது.

நீங்களும் எக்ஸெலிலேயே செய்து பார்க்கலாம்.

படி 1: உள்ளீடு

முன்பின் தொடர்பில்லாத, இயல்நிலைப் பரவலுள்ள எண்கள் வேண்டும். இதுதான் இயல்நிலை வெண் இரைச்சல். 0-க்கும் 1-க்கும் இடையிலான சீரற்ற எண்கள் 12-ஐக் கூட்டி 6-ஐக் கழியுங்கள். சராசரி 0, திட்டவிலக்கம் 1. இப்படி 20,000 வரிசை. உடனே அந்த நிரலை நகலெடுத்து, மதிப்புகளாக மட்டும் ஒட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் எண்கள் மாறிக்கொண்டே இருக்கும்.

12 எண்களைக் கூட்டும் வேலையைத் தவிர்க்காதீர்கள். சீரான பரவலை அப்படியே திட்டவிலக்கம் 1-க்கு நீட்டிப் போட்டால், முதல் ஒட்டுறவு சரியாகவே வரும். ஆனால் கீழே படி 4-இல் 0.36 வர வேண்டிய இடத்தில் 0.14 வரும்.

படி 2: இரண்டு பெட்டிகள்

வடிகட்டி: இப்போதைய எண்ணில் 0.6 பங்கு, முந்தையதில் 0.3, அதற்கும் முந்தையதில் 0.1. வளைவு: ஒரு எண்ணோடு அதன் வர்க்கத்தில் பாதியைக் கூட்டுவது.

முதல் பெட்டியில் வடிகட்டி முன்னே, வளைவு பின்னே. இதை வீனர் மாதிரி என்பார்கள். இரண்டாவதில் வளைவு முன்னே, வடிகட்டி பின்னே. இது ஹாமர்ஸ்டீன் மாதிரி. ஒரே பாகங்கள், வரிசை மட்டும் வேறு.

படி 3: முதல் ஒட்டுறவு

வெளியீட்டிலிருந்து அதன் சராசரியைக் கழியுங்கள். பிறகு 0, 1, 2 படி முந்தைய உள்ளீடுகளோடு தனித்தனியாகப் பெருக்கிச் சராசரி எடுங்கள். திட்டவிலக்கத்தால் வகுக்க வேண்டாம்.

இரண்டு பெட்டிகளுக்கும் 0.6, 0.3, 0.1-ஐ ஒட்டியே விடை வரும். வர்க்கப் பகுதி இங்கே தலைகாட்டவே இல்லை. வர்க்கத்தை உள்ளீட்டோடு பெருக்கினால் மூன்று உள்ளீடுகளின் பெருக்கல் வருகிறது; அதன் சராசரியில் நேரும் எதிரும் அடிபட்டுப் போகின்றன. வடிகட்டி கிடைத்துவிட்டது, ஆனால் எந்தப் பெட்டி எது என்று சொல்ல வழியில்லை.

படி 4: இரண்டாம் ஒட்டுறவு

இப்போது சராசரி கழித்த வெளியீட்டை இரண்டு தாமதங்களின் உள்ளீடுகளோடு சேர்த்துப் பெருக்கிச் சராசரி எடுங்கள். ஒன்பது ஜோடிகள், 3×3 அணி.

வீனர் பெட்டியின் மூலைவிட்டம் 0.36, 0.09, 0.01. மூலைவிட்டத்துக்கு வெளியேயும் 0.18, 0.06, 0.03 இருக்கும். ஹாமர்ஸ்டீன் பெட்டியின் மூலைவிட்டம் 0.6, 0.3, 0.1, வெளியே எல்லாம் பூஜ்யம்.

காரணம் இதுதான். வீனர் பெட்டியில் உள்ளீடுகள் முதலில் கலந்து, அந்தக் கலவையே வர்க்கமாகிறது. அதனால் வெவ்வேறு நேரத்து எண்கள் ஒன்றையொன்று பெருக்குகின்றன. ஹாமர்ஸ்டீனில் ஒவ்வோர் எண்ணும் தனியாக வர்க்கமான பிறகுதான் கலக்கிறது. எனக்கு இந்த முறையிலேயே மிகவும் பிடித்த இடம் இது: பெட்டியைத் திறக்காமலே பாகங்களின் வரிசை தெரிந்துவிடுகிறது.

உங்கள் எண்கள் கொஞ்சம் முன்பின் இருக்கும். 0.01 இரைச்சலில் முழுகியும் போகலாம். பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு தரவு வேண்டும். இந்த முறையின் பெரிய செலவு அதுதான்.

இந்த அணியை இரண்டால் வகுத்தால் கிடைப்பது இரண்டாம் வரிசைக் கெர்னல், அதாவது இரண்டு நேரத்து உள்ளீடுகளின் பெருக்கல் வெளியீட்டில் எவ்வளவு பங்கு பெறுகிறது என்று சொல்லும் எடைகள். நேரியலற்ற அமைப்புகள் பற்றிய கணிதவியலாளர் நார்பர்ட் வீனரின் கோட்பாட்டை இப்படி ஒட்டுறவு வழியாகவே கணக்கிடலாம் என்று 1965-இல் லீயும் ஷெட்சனும் காட்டினார்கள். 1972-இல் மார்மரெலிஸும் நாகாவும் கெளுத்தி மீனின் விழித்திரை நரம்புகளை இதே வழியில் ஆராய்ந்தார்கள்.

படி 5: எச்சத்தைச் சோதியுங்கள்

கண்டுபிடித்த மாதிரியின் கணிப்பை உண்மையான வெளியீட்டிலிருந்து கழியுங்கள். மீந்த எச்சத்துக்கு உள்ளீட்டோடு மட்டும் ஒட்டுறவு பார்த்து விட்டுவிடாதீர்கள். உள்ளீட்டின் வர்க்கத்தோடும் பாருங்கள். நேரியலற்ற மாதிரிகளுக்கு இவ்வகைச் சோதனைகளை பில்லிங்ஸும் வூனும் 1986-இல் முன்வைத்தார்கள். 20,000 வரிசைக்கு, எச்சத்தை அதன் திட்டவிலக்கத்தால் வகுத்துக் கணக்கிட்டால், உள்ளீட்டோடு ±0.014-க்குள் விடை அடங்க வேண்டும். வர்க்கத்தோடு பார்க்கும்போது, அதிலிருந்து 1-ஐக் கழித்துவிட்டு ±0.02 வரை விடலாம். எந்தத் தாமதத்தில் எல்லை பெரிதாக மீறுகிறதோ, அந்தத் தாமதத்தை மாதிரியில் சேர்த்து படி 3-இலிருந்து மறுபடி தொடங்குங்கள்.