நியூசிலாந்தின் ஆக்லாந்துக்குப் பெண் பிள்ளைகளின் ரக்பி அணியைக் கூட்டிப் போகிறீர்களா?

முதல் வேலை பூட்ஸைக் கழுவுவது. சிரிக்காதீர்கள். சிங்கப்பூரிலிருந்து பத்து மணி நேரம் பறந்து இறங்கினால், குடிநுழைவை விட, வெளிநாட்டுப் பூச்சியும் நோயும் உள்ளே வராமல் தடுக்கும் உயிர்ப்பாதுகாப்புச் சோதனையில்தான் கெடுபிடி. பூட்ஸின் அடியில் உள்ள ஸ்டட் குமிழ்களின் இடுக்கில் ஒட்டிய மண்ணும் புல் விதையும் போதும், பையைப் பிரிக்கச் சொல்வார்கள். ஸ்டட்டைக் கழற்றிப் பழைய பல்துலக்கியால் தேய்த்து, வெந்நீரில் அலசி, நன்றாகக் காயவிட்டுக் கட்டுங்கள். படிவத்தில் "விளையாட்டுக் காலணி உண்டு" என்று மறைக்காமல் குறியுங்கள். தடை செய்த பொருளைச் சொல்லாமல் கொண்டுபோனால் 400 நியூசிலாந்து டாலர் அபராதம். அம்மா கொடுத்தனுப்பும் நெய்யும் தேனும் வீட்டிலேயே இருக்கட்டும்.

காப்பீடு எடுக்கும்போது ரக்பி என்ற சொல் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். மோதல் விளையாட்டுக்குக் காப்பீடு கிடையாது என்று பொடி எழுத்தில் கழித்துக்கட்டிவிடுவார்கள்.

வெள்ளை ஷார்ட்ஸ் வேண்டவே வேண்டாம், கறுப்போ கருநீலமோ தையுங்கள். மாதவிடாய் நாளில் தாக்கிப் பிடிக்க ஓடும் பிள்ளைக்கு அந்த ஒரு கவலையாவது குறையும். நாப்கினை மேலாளர் பையில் வைக்காமல், எல்லாரும் கேட்காமலே எடுத்துக்கொள்ளும் மருந்துப் பெட்டியில் வையுங்கள்.

எதிரணி ஆட்டத்துக்கு முன் மாவோரி மக்களின் ஹாக்கா நடனம் ஆடினால் வரிசையாக நின்று கண் பார்த்துக் கேட்கச் சொல்லுங்கள், கிசுகிசு கூடாது. அப்புறம், தலையில் அடிபட்ட சந்தேகம் இருந்தாலே பிள்ளை அன்று திரும்ப மைதானத்தில் இறங்கக் கூடாது. "அக்கா, நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று கெஞ்சுவாள். விடாதீர்கள்.