ஆக்சிஜன் லைனுக்கு ஜேசிபி ஹோஸ் வேண்டாம்: டைவிங் வாயு கலக்க சாமான் வாங்குவோருக்கு

ராமேஸ்வரம், தூத்துக்குடி பக்கம் டைவிங் நடத்துகிறவர்கள் நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூட்டிய காற்று), ட்ரைமிக்ஸ் (ஹீலியமும் சேர்த்தது) என்று கலக்க ஆரம்பித்ததும் சாமான் தேடி மதுரைக்கு வருகிறார்கள். ஆக்சிஜன் டீலர், லேத் பட்டறை, ஹோஸ் கடை எல்லாம் இங்கே ஒரே சுற்றில் முடிந்துவிடும். அவர்களில் பலர் ஊர் திரும்பும் முன் என்னிடம் பையைத் திறந்து காட்டுவார்கள். எங்கள் செட் ஆட்கள் அந்தக் காலத்தில் வாங்கிக் குவித்த அதே சாமான்கள்தான், புதுப் பளபளப்போடு. சிலிண்டரில் லேபிள் ஒட்டுங்கள், கலந்ததை அளந்து பாருங்கள் என்பதெல்லாம் வகுப்பிலேயே சொல்லிவிடுவார்கள். அதற்குள் நான் போகவில்லை.

ஆக்சிஜன் லைனை ஒட்டுப்போட்டுத் தயாரிப்பது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். ராமநாதபுரத்துத் தம்பி ஒருவர், வெளிநாட்டிலிருந்து நல்ல விலை கொடுத்து ஒரு ஃபில்லிங் ஹோஸ் வரவழைத்தார். அதன் முனையில் இருந்தது அமெரிக்க சிஜிஏ 540 மரை. நம் ஊர் ஆக்சிஜன் சிலிண்டரின் வாயில் இருப்பதோ 5/8 அங்குல பிஎஸ்பி உள்மரை; வெல்டிங் பட்டறையில் ‘புல் நோஸ்’ என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். இரண்டும் சேராது. வாங்கும் முன் சிலிண்டர் வாயைப் போட்டோ எடுத்து விற்பவருக்கு அனுப்பியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும்.

தம்பி என்ன செய்தார்? லேத்தில் கொடுத்து ஓர் அடாப்டர் கடைந்தார். நீளம் போதவில்லை என்று ஜேசிபிக்கும் போர்வெல் லாரிக்கும் ஹோஸ் அடிக்கும் கடையில் ஒரு துண்டு அடித்து இணைத்தார். நடுவில் கைப்பிடியைக் கால் சுற்று திருப்பினால் திறக்கும் பால் வால்வு ஒன்று. “அண்ணே, 400 பார் தாங்கும்ணே. நம்ம சிலிண்டர்ல 150 தானே இருக்கு?” என்றார். பார் என்பது அழுத்தத்தின் அளவு.

தாங்கும், சந்தேகமே இல்லை. காது குடையும் பஞ்சுக்குச்சி ஒன்றை எடுத்து அடாப்டருக்குள் விட்டுச் சுற்றினேன். பழுப்பாக வந்தது. லேத்தில் கடையும்போது ஊற்றும் ஆயில். ஹோஸுக்குள்ளும் விட்டேன்; அதைவிடக் கறுப்பு.

பால் வால்வைச் சட்டென்று திறந்தால், காலியாக இருந்த ஹோஸுக்குள் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் 150 பார் பாய்கிறது. உள்ளே இருந்த வாயு மூலையில் போய் அமுங்குகிறது. அமுங்கும் வேகத்தில் வெப்பம் வெளியேற நேரமில்லை. கணக்குப் போட்டால் 900 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது. சுற்றிலும் சுத்த ஆக்சிஜன், அருகில் ஆயில் பூசிய ரப்பர். தீப்பெட்டி தேவையில்லை. பற்றினால் ரப்பரோடு நிற்காது, உலோகமும் சேர்ந்து எரியும்.

ஹோஸ் கடைக்காரர் மேல் குறை இல்லை; அவர் போர்வெல் வண்டிக்குச் செய்து பழகியவர். ஆக்சிஜனுக்கு என்று செய்து சுத்தம் செய்த, உள்ளே டெஃப்லான் குழாய் உள்ள ஹோஸை மட்டும் வாங்குங்கள். வால்வு, மெதுவாகத் திறக்கும் நீடில் வால்வாக இருக்கட்டும். நிமிடத்துக்கு 5 பாருக்கு மேல் ஏற்றாதீர்கள். ஃபிட்டிங் பித்தளையில். ‘எஸ்எஸ் போட்டால்தான் தரம்’ என்ற எண்ணம் இங்கே எடுபடாது: அதிக அழுத்த ஆக்சிஜனில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைவிடப் பித்தளை தீப்பிடிப்பது அரிது.

“நான் கலப்பது 32 சதவீத ஆக்சிஜன்தானே” என்று சிலர் வாதாடுவார்கள். ஒவ்வொரு வாயுவாக அழுத்தம் பார்த்து விடும் பார்ஷியல் பிரஷர் முறையில் முதலில் போவது சுத்த ஆக்சிஜன். அது உங்கள் ஹோஸ், வால்வு, சிலிண்டர் எல்லாவற்றையும் தொட்டுவிட்டுத்தான் பிறகு 32 ஆகிறது. அதன் மேல் ஏற்றும் காற்றிலும் கம்ப்ரஸர் ஆயில் வரக் கூடாது. அதற்குக் கூடுதல் ஃபில்டர் வேண்டும்.

சிலிக்கோன் கிரீஸ்

வேண்டாம். ஆக்சிஜனுக்கென்று விற்கும் கிரிஸ்டோலூப் மாதிரி கிரீஸ் ஒன்று, அதுவும் துளி.

கிளிசரின் ஊற்றிய கேஜ்

அழுத்தம் காட்டும் கேஜ் கேட்டால் ஹார்டுவேர் கடையில் முதலில் கையில் கொடுப்பது இதுதான், ஊசி ஆடாதாம். ஆக்சிஜனுக்கு ஆகாது. எண்ணெய்க் குடுவைப் படத்தின் மேல் கோடு போட்டு அடித்த குறி உள்ள கேஜ் கேளுங்கள்.

அடுத்தது துல்லியம். 400 பார் கேஜில் 1.6 வகுப்பு (முழு அளவில் 1.6 சதவீதம் தப்பலாம்) என்று போட்டிருந்தால், எங்கே வேண்டுமானாலும் 6.4 பார் வரை தப்பு காட்டலாம். காலி சிலிண்டரில் 200 பாருக்கு 32 சதவீத நைட்ராக்ஸ் கலக்க நீங்கள் விடப்போவது சுமார் 28 பார் ஆக்சிஜன். அதில் 6 பார் கூடினால் கலவை 34-ஐத் தாண்டும், குறைந்தால் 30-க்குக் கீழே போகும். டிஜிட்டல் கேஜுக்குச் செலவழிக்கும் காசு வீண் இல்லை.

யோசிக்காமல் பூஸ்டர் வாங்குவது

சிலிண்டரில் குறைந்துபோன அழுத்தத்தை உயர்த்தித் தள்ளும் இந்த பம்புதான் பட்டியலிலேயே விலை அதிகமானது. பல பேருக்குத் தேவையில்லை. காலியான 12 லிட்டர் இரட்டைச் சிலிண்டருக்கு அந்த 28 பார் ஆக்சிஜனை விட்டால், டீலரிடம் வாங்கும் 47 லிட்டர் பெரிய சிலிண்டரில் 14 பார் அளவுக்குத்தான் குறையும். 150-இல் தொடங்கினால் பூஸ்டர் இல்லாமலே எட்டுத் தடவை நிரப்பலாம்.

ஹீலியம் வேறு கதை. மட்டக்களப்பு கடலில் சுமார் 53 மீட்டர் ஆழத்தில் கிடக்கும் ஹெர்மீஸ் கப்பலைப் பார்க்கப் போகிறவர்கள் 21/35 ட்ரைமிக்ஸ் (21 சதவீதம் ஆக்சிஜன், 35 ஹீலியம்) கேட்பார்கள். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரிட்டிஷ் விமானந்தாங்கி அது. இந்தக் கலவைக்கு 70 பார் ஹீலியம் விட வேண்டும். ஒவ்வொரு முறையும் பெரிய சிலிண்டரில் 36 பார் போகும். 150-லிருந்து இரண்டு தடவை நிரப்பியதும் 78-க்கு வந்துவிடும். மூன்றாவதுக்கு எட்டாது: 70-ஐத் தொடும் முன்பே இரண்டு பக்கமும் அழுத்தம் சமமாகிவிடும். பாதிக்கு மேல் ஹீலியம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும், அதன் விலை தெரியும்தானே. பூஸ்டருக்கு நியாயம் அங்கேதான் இருக்கிறது. காற்றில் ஓடும் பூஸ்டர் என்றால், அதை ஓட்டத் தனியாக ஒரு பட்டறைக் கம்ப்ரஸரும் வேண்டும். டைவிங் சிலிண்டர் நிரப்பும் சின்ன மெஷினை நம்பாதீர்கள்.

சென்சரை மொத்தமாக வாங்கி வைப்பது

கலவையில் ஆக்சிஜன் எவ்வளவு என்று அளக்கும் அனலைசருக்குள் இருக்கும் ஆக்சிஜன் சென்சர் ஒரு கால்வானிக் செல், பேட்டரி மாதிரி. நீங்கள் பயன்படுத்தாவிட்டாலும் அது தேயும். தள்ளுபடி என்று மூன்று வாங்கி பீரோவில் வைத்தவர்களைத் தெரியும். மூன்றாவதை எடுக்கும்போது அது கிழடு. தயாரித்த தேதி பார்த்து ஒன்று வாங்குங்கள். மில்லிவோல்ட் காட்டும் அனலைசராக இருந்தால் செல்லின் தளர்ச்சி முன்கூட்டியே தெரியும். சென்சர் புதிதாக இருக்கும்போது காற்றில் எவ்வளவு காட்டுகிறது என்று அதன் மேலேயே மார்க்கரில் எழுதி வையுங்கள். காற்றில் 20.9 சரியாகக் காட்டினால் மட்டும் போதாது, சுத்த ஆக்சிஜனிலும் காட்டிப் பாருங்கள். வயதான செல் காற்றில் ஒழுங்காக நடித்துவிட்டு மேலே போகும்போது குறைத்துச் சொல்லும். 50 சதவீதக் கலவையை 46 என்று நம்பி இறங்கினால், 22 மீட்டரில் திறக்க வேண்டியதை அதற்கும் கீழேயே வாயில் வைத்துவிடுவீர்கள்; அங்கே அவ்வளவு ஆக்சிஜன் நஞ்சு.

பெசோ ஒப்புதல் இல்லாத சிலிண்டர்

ஆன்லைனில் மலிவாக வரும். பணம் கட்டும் முன் பெசோ (வாயு சிலிண்டர்களுக்கு ஒப்புதல் தரும் மத்திய அரசு அமைப்பு) ஒப்புதல் உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பதில் வராவிட்டால் வேறு கடை பாருங்கள்.