பாட்டிலில் ஆல்கஹால் குறைந்தால் எலி அடிமையாகிவிட்டது என்று பொருளில்லை

சென்ற வாரம் காரைக்குடியில் எங்கள் ஆய்வகத்துக்கு வந்த மாணவி ஒருவர், "சார், சுண்டெலிகள் ஆல்கஹால் குடிக்கத் தொடங்கிவிட்டன" என்று குறிப்பேட்டை நீட்டினார். பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு நானும் இதே மகிழ்ச்சியோடு நின்றிருக்கிறேன். தராசைச் சரிபார்ப்பது, கூண்டுக்கு எண் இடுவது எல்லாம் உங்களுக்கே தெரியும், அவற்றை விட்டுவிட்டு, இந்த ஆய்வில் எளிதாக நேரும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

குடித்த அளவை மட்டும் நம்புவது

ஒரு பாட்டிலில் தண்ணீர், இன்னொன்றில் ஆல்கஹால். நான்கு மாதம் தினமும் எடை போட்டேன். அளவு ஏறிக்கொண்டே போனது. ஆய்விதழுக்கு அனுப்பிய கட்டுரையை மதிப்பிட்டவர் இரண்டே கேள்வி கேட்டார்: ரத்தத்தில் எவ்வளவு இருந்தது? நிறுத்தியபோது என்ன நடந்தது? என்னிடம் பதிலும் இல்லை, அந்த எலிகளும் இல்லை. அத்தனை உயிர்களை வீணாக்கியது இன்றும் உறுத்துகிறது.

இரவு முழுக்கச் சிறுகச் சிறுகக் குடித்தால், எலியின் கல்லீரல் அவ்வப்போதே எரித்துவிடும். ரத்தத்தில் அளவு ஏறாது. மூளை நீண்ட நேரம் ஆல்கஹாலில் ஊறினால்தான் நரம்புகளை அடக்கும் காபா ஏற்பிகள் மந்தமாகி, அவற்றைத் தூண்டும் என்எம்டிஏ ஏற்பிகள் பெருகும். அப்போது திடீரென நிறுத்தினால் நரம்புகளை அடக்க ஆளில்லை. சுண்டெலியை வாலைப் பிடித்துத் தூக்கி மெல்லச் சுழற்றினால் உடல் விறைத்து நடுங்கும்.

இந்த வலிப்பு, ஆல்கஹாலை நிறுத்தியதிலிருந்து பெரும்பாலும் ஆறு முதல் பத்து மணி நேரத்துக்குள் உச்சத்தைத் தொடும். மாலை ஐந்து மணிக்கு நிறுத்திவிட்டு, தேவகோட்டையிலிருந்து காலை பஸ்ஸில் வந்து ஒன்பது மணிக்குப் பார்த்தால் உச்சம் கடந்திருக்கும்.

ஆய்வகச் சுண்டெலிகளில் சி57பிளாக்6 என்ற வகை விரும்பிக் குடிக்கும். டிபிஏ2 வகை வாயே வைக்காது. ஆனால் இரண்டையும் ஆல்கஹால் ஆவியில் வைத்து நிறுத்தினால், வலிப்பு டிபிஏ2-வுக்கே கடுமையாக வரும். குடி வேறு, அடிமைத்தனம் வேறு என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

விலங்கு ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பும் விண்ணப்பத்திலேயே ரத்தம் எடுப்பதை எழுதிவிடுங்கள். பிறகு நினைத்துக்கொண்டால் எடுக்க முடியாது.

காலிக் கூண்டு வைக்காதது

கத்திரி வெயிலில் பாட்டில் முனையில் ஒரு துளி தொங்கும். கூண்டை நகர்த்தினால் மரத்தூளில் விழும்; அதுவும் எலி குடித்த கணக்கில் சேர்ந்துவிடும். எலி இல்லாத கூண்டிலும் அதே பாட்டிலை மாட்டி, அங்கே குறைந்ததைக் கழியுங்கள்.

பாட்டிலை ஒரே பக்கம் மாட்டுவது

இடம் மாற்றிக்கொண்டே இருங்கள்; இல்லாவிட்டால் எலி விரும்புவது ஆல்கஹாலையா, அந்தப் பக்கத்தையா என்று தெரியாது.

பகலில் அளப்பது

எலி இரவில் குடிக்கும் உயிர்.

அந்த மாணவி நேற்று கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு ஆய்வகத்திலேயே தங்கினார். விளக்கு அணைந்து நான்கு மணி நேரம் கழித்து, வால் நுனியிலிருந்து ரத்தம் எடுத்து வைத்திருக்கிறார்.