ஏற்காட்டுல எஸ்டேட் பாக்கறதுக்கு முன்னாடி, நீங்க என்ஆர்ஐயா ஓசிஐயா?

நம்ம சேலத்துல பையன் துபாய்ல இருந்தாலும் என்ஆர்ஐ, பொண்ணு அமெரிக்க சிட்டிசன் ஆயிட்டாலும் என்ஆர்ஐ, பேச்சுக்கு அது போதும்ங்க. ஃபாரம்ல எழுதறப்போ தான் சிக்கல்.

முதல்ல பாஸ்போர்ட்டை எடுங்க. இந்திய பாஸ்போர்ட், குடியிருப்பும் வேலையும் வெளிநாட்டுலன்னா என்ஆர்ஐ (நான் ரெசிடெண்ட் இந்தியன்). வேற நாட்டு பாஸ்போர்ட் வாங்கி ஓசிஐ கார்டு வச்சிருந்தா ஓசிஐ (ஓவர்சீஸ் சிட்டிசன் ஆஃப் இந்தியா), அதோட பேர்ல சிட்டிசன்னு இருக்கே தவிர அது குடியுரிமை இல்ல, ஓட்டும் கிடையாது. என்ஆர்ஐக்கு ஓட்டு உண்டு, 6ஏ ஃபாரம் கொடுத்து பேர் சேத்துட்டு நேர்ல வந்து போடணும். இந்திய வம்சாவளிக்காரங்களுக்கு முன்னாடி கொடுத்த பிஐஓ கார்டு 2015லயே ஓசிஐயோட சேந்துடுச்சு. தமிழ்நாடு அரசு காகிதத்துல, வெளிநாட்டுல இருக்கற நம்மாளுங்க அயலகத் தமிழர்னு வரும்.

பேங்க்ல, வேலைக்குன்னு கிளம்புனதுமே நீங்க என்ஆர்ஐ தான், பழைய சேவிங்ஸ் அக்கவுண்டை என்ஆர்ஓ அக்கவுண்டா மாத்திடுங்க, இங்க வர்ற வீட்டு வாடகை அதுல வரட்டும், அங்க சம்பாதிச்சது என்ஆர்இ-ங்கற இன்னொரு அக்கவுண்ட்ல. வருமான வரியில கதையே வேற, அங்க நாள் கணக்கு, பொதுவா ஒரு நிதியாண்டுல இங்க 182 நாள் தங்கிட்டா ரெசிடெண்ட், ஊர்ல 15 லட்சத்துக்கு மேல வருமானம் இருந்தா 120 நாள்லயே மாற வாய்ப்பு இருக்கு. ஒரே ஆள் பேங்க்ல என்ஆர்ஐ, வரியில ரெசிடெண்ட்னு இருக்கலாம், தப்பே இல்ல.

இப்ப எஸ்டேட். புரோக்கர் சில்வர் ஓக் மரத்துல ஏறுன மிளகுக் கொடியை காட்டி என்ஆர்ஐக்குன்னே வச்சிருக்கேன்ம்பாரு. ஆனா என்ஆர்ஐயோ ஓசிஐயோ, விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு மூணையும் விலைக்கு வாங்க முடியாது. சேலம் ஃபேர்லேண்ட்ஸ்ல ஃப்ளாட் வேணா தாராளமா வாங்கலாம். அதனால அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடி பட்டாவுல நஞ்சையா புஞ்சையான்னு பாருங்க, வில்லான்னு விளம்பரத்துல போட்டதெல்லாம் கணக்குல வராது. மச்சான் பேர்ல வாங்கிக்கலாம்னு யாராச்சும் ஐடியா கொடுத்தா பினாமி சட்டம்னு ஒண்ணு இருக்கறதையும் ஞாபகம் வச்சுக்கோங்க. அப்பா வச்சிருந்த காபித் தோட்டம் வாரிசா வந்தா அது வேற, வச்சுக்கலாம், வெளிநாடு போறதுக்கு முன்னாடி நீங்களே வாங்குனதும் அப்படித்தான். விக்கறப்போ மட்டும் இந்தியாவுல குடியிருக்கற இந்தியக் குடிமகனுக்குத் தான் விக்க முடியும், இன்னொரு என்ஆர்ஐக்கு இல்ல.