பவர் பிஐ-யில் உங்கள் முதல் டாஷ்போர்டு: ஒரு கேள்வியில் தொடங்கி ஒரு பக்கம் வரை

முக்கிய எண்களையும் வரைபடங்களையும் ஒரே பக்கத்தில் காட்டும் டாஷ்போர்டு ஒன்றைச் செய்யப் போகிறேன் என்று உட்காரும் பலரும் முதலில் தேடுவது வண்ணம், டெம்ப்ளேட், கார் மீட்டர் மாதிரி முள் ஓடும் படம். அதெல்லாம் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். நேரத்தில் பெரும்பகுதி தரவைச் சீர்செய்வதிலும் கணக்கைச் சரியாக எழுதுவதிலும்தான் போகும். அங்கே சறுக்கிவிட்டால், தப்பான எண்ணை அழகாகக் காட்டும் ஒரு பக்கம்தான் கையில் மிஞ்சும்.

இங்கே ஒரே ஒரு பக்கத்தை அடியிலிருந்து கட்டுவோம். மென்பொருள் மைக்ரோசாஃப்டின் பவர் பிஐ டெஸ்க்டாப். இலவசம், ஆனால் விண்டோஸில் மட்டும்தான் ஓடும். மேக் வைத்திருப்பவர்கள் இதேபோன்ற இலவச மென்பொருளான டேப்ளோ பப்ளிக்கில் இதே படிகளைச் செய்து பார்க்கலாம். மெனுக்களின் பெயர் மாறும், யோசனை மாறாது. டேப்ளோ பப்ளிக்கில் வெளியிடுவது யார் கண்ணிலும் படும் என்பதால் அலுவலகத் தரவை அதில் ஏற்றாதீர்கள்.

படி 1: கேள்வியை எழுதுங்கள்

"விற்பனை டாஷ்போர்டு வேண்டும்" என்பது கேள்வி இல்லை. இணையத்தில் பொருள் விற்கும் ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். அவர்களுக்குத் தெரிய வேண்டியது இதுதான்: எந்த வகைப் பொருள் அதிகம் திரும்பி வருகிறது, போன ஆண்டைவிட அது கூடியிருக்கிறதா, வாடிக்கையாளர்கள் என்ன காரணம் சொல்லித் திருப்பி அனுப்புகிறார்கள்?

இப்படி எழுதியதும் பாதி வடிவமைப்பு முடிந்த மாதிரி. பதில் தெரிந்தால் யார் என்ன செய்வார் என்பதையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். "அளவு பொருந்தவில்லை" என்பது அதிகமாக இருந்தால் அளவு அட்டவணையைத் திருத்துவார்கள். "உடைந்து வந்தது" அதிகமாக இருந்தால் பேக்கிங்கை மாற்றுவார்கள். எந்த முடிவுக்கும் உதவாத வரைபடத்துக்கு டாஷ்போர்டில் இடம் கிடையாது.

படி 2: தரவைக் கொண்டுவந்து சீர்செய்யுங்கள்

ஹோம் மெனுவில் கெட் டேட்டாவை அழுத்தி எக்செல் அல்லது சிஎஸ்வி கோப்பைத் தேர்ந்தெடுங்கள். உடனே லோடு கொடுக்காமல் டிரான்ஸ்ஃபார்ம் டேட்டாவை அழுத்துங்கள். பவர் குவெரி என்ற தனிச் சாளரம் திறக்கும். இங்கே நீங்கள் செய்யும் ஒவ்வொரு மாற்றமும் வலப்பக்கம் அப்ளைடு ஸ்டெப்ஸ் பட்டியலில் பதிவாகும். அடுத்த மாதம் புதுக் கோப்பு வந்தால், அதை அதே இடத்தில் அதே பெயரில் வைத்து ரிஃப்ரெஷ் கொடுத்தால் போதும், அத்தனை படிகளும் தானாக ஓடிவிடும். மூலக்கோப்பில் எதுவும் மாறாது, அதனால் தைரியமாகக் கை வைக்கலாம்.

நமக்கு வேண்டிய அட்டவணையில் ஆர்டர் எண், ஆர்டர் தேதி, பொருள் குறியீடு, விற்ற எண்ணிக்கை, திரும்பிய எண்ணிக்கை, காரணம் ஆகியவை தனித்தனி நெடுவரிசைகளாக இருக்க வேண்டும். ஒரு வரிக்கு ஒரு நிகழ்வு. நிஜத்தில் வரும் கோப்பு அப்படி இருக்காது.

பெரிய தொல்லை தேதி. கோப்பில் 04/07/2024 என்று இருந்தால் அது ஜூலை 4-ஆ, ஏப்ரல் 7-ஆ? நாளை முதலில் எழுதிய கோப்பை, மாதத்தை முதலில் படிக்கும் அமெரிக்க அமைப்புள்ள கணினியில் திறந்தால் 25/07/2024 எர்ரர் காட்டும், ஏனென்றால் 25-ஆம் மாதம் என்று ஒன்று இல்லை. அது கண்ணில் பட்டுவிடும். 04/07/2024 மட்டும் சத்தமே இல்லாமல் ஏப்ரலுக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். எர்ரர் வந்த வரிகளை நீக்கிவிட்டு "சரியாகிவிட்டது" என்று நகர்ந்தீர்கள் என்றால், மிச்சமிருக்கும் தேதிகளில் பெரும்பாலானவை தப்பு.

இதற்கு வழி: பவர் குவெரி தானாகச் சேர்த்த சேஞ்ச்டு டைப் படியை நீக்குங்கள். தேதி நெடுவரிசையின் தலைப்பில் வலது கிளிக் செய்து, சேஞ்ச் டைப், அதன் கீழே யூசிங் லொக்கேல் என்று போங்கள். வகை டேட், லொக்கேல் அந்தக் கோப்பு எந்த வழக்கப்படி எழுதப்பட்டதோ அது. நாள் முதலில் என்றால் இங்கிலீஷ் யுனைடெட் கிங்டம் பொருந்தும். மற்ற நெடுவரிசைகளுக்கும் எண், எழுத்து என்று வகையை நீங்களே சொல்லிவிடுங்கள்.

அடுத்து, மாதங்களைக் குறுக்கே பரப்பி வைத்திருக்கும் கோப்பு. ஜனவரி ஒரு நெடுவரிசை, பிப்ரவரி ஒரு நெடுவரிசை என்று பன்னிரண்டு இருக்கும். மனிதர் படிக்க வசதி, மென்பொருளுக்கு உதவாது. மாதம் அல்லாத நெடுவரிசைகளைத் தேர்ந்தெடுத்து, வலது கிளிக்கில் அன்பிவோட் அதர் காலம்ஸ் கொடுங்கள். பன்னிரண்டும் மடங்கி மாதம், மதிப்பு என்ற இரண்டாகிவிடும். எக்செல்லில் செல்களை மெர்ஜ் செய்திருந்தால் முதல் வரி தவிர மற்றவை நல் (null, அதாவது காலி) என்று வரும். அங்கே ஃபில் டவுன் போதும்.

முடிந்ததும் க்ளோஸ் அண்ட் அப்ளை.

படி 3: அட்டவணைகளை இணையுங்கள்

எல்லாவற்றையும் ஒரே பெரிய அட்டவணையில் திணிக்க வேண்டாம். நடுவில் ஆர்டர் அட்டவணை; அதைச் சுற்றிப் பொருள், தேதி என்று விவர அட்டவணைகள். இதற்கு ஸ்டார் ஸ்கீமா என்று பெயர். பொருள் அட்டவணையில் குறியீடும் அந்தப் பொருளின் வகையும் இருக்கும்; அதில் ஒரு குறியீடு ஒரு முறைதான் வர வேண்டும்; ஆர்டரில் எத்தனை முறையும் வரலாம். மாடல் வியூவில் ஒரு பக்கம் 1, மறுபக்கம் நட்சத்திரக் குறி தெரிந்தால் இணைப்பு சரி. இரண்டு பக்கமும் நட்சத்திரம் என்றால் பொருள் அட்டவணையில் ஏதோ குறியீடு இரண்டு முறை இருக்கிறது, போய்த் தேடுங்கள்.

தேதிக்குத் தனி அட்டவணை கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். மாடலிங் மெனுவில் நியூ டேபிள் எடுத்து, காலண்டர் ஃபங்ஷனுக்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் கொடுத்தால் இடைவெளி இல்லாமல் எல்லா நாட்களும் வரும். ஆண்டு, மாத எண், மாதப் பெயர் நெடுவரிசைகளைச் சேர்த்து, மார்க் ஆஸ் டேட் டேபிள் கொடுத்து, ஆர்டர் தேதியுடன் இணையுங்கள். அப்புறம் இன்னொரு வேலை. மாதப் பெயரைத் தேர்ந்தெடுத்து, சார்ட் பை காலம் (Sort by column) வழியாக மாத எண்ணைக் காட்டுங்கள். இல்லாவிட்டால் வரைபடத்தில் மாதங்கள் அகரவரிசையில் நிற்கும். ஆங்கிலப் பெயர்கள் என்றால் ஏப்ரல்தான் முதல் மாதம்!

படி 4: கணக்கை எழுதுங்கள்

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். திரும்பும் விகிதம் வேண்டும் என்றதும் ஆர்டர் அட்டவணையில் வரிக்கு வரி சதவீதம் போட்டு, அதன் சராசரியைக் காட்டத் தோன்றும். காட்டினால் என்ன ஆகும் என்று பாருங்கள்.

காலணி: விற்றது 50, திரும்பியது 10. விகிதம் 20 சதவீதம்.
புத்தகம்: விற்றது 1000, திரும்பியது 20. விகிதம் 2 சதவீதம்.

இரண்டின் சராசரி 11 சதவீதம். ஆனால் உண்மையில் விற்றது 1050, திரும்பியது 30, விகிதம் 2.9 சதவீதத்துக்கும் கொஞ்சம் கீழே. கிட்டத்தட்ட நாலு மடங்கு வித்தியாசம். இந்த 11-ஐப் பார்த்துவிட்டு ஒரு கூட்டத்தையே கூட்டிவிடுவார்கள்.

ஆகவே கூட்டிவிட்டு வகுக்க வேண்டும், வகுத்துவிட்டுக் கூட்டக் கூடாது. அதற்குத்தான் மெஷர். நியூ மெஷரை அழுத்தி மூன்று எழுதுங்கள். ஒன்று, சம் ஃபங்ஷன் கொண்டு விற்ற எண்ணிக்கையின் கூட்டல். இரண்டு, அதேபோல் திரும்பிய எண்ணிக்கை. மூன்று, டிவைட் ஃபங்ஷனுக்குள் இரண்டாவதை முதலில் போட்டு, முதலாவதை அடுத்துப் போட்டால் விகிதம். வெறும் சாய்கோட்டால் வகுக்காமல் டிவைட் எழுதச் சொல்வது ஏனென்றால், விற்றது பூஜ்யமாக இருக்கும் இடத்தில் அது அபத்தமான விடை காட்டாமல் காலியாக விட்டுவிடும். மெஷர் வரைபடத்தின் ஒவ்வொரு பாருக்கும் (பட்டைக்கும்), ஒவ்வொரு வடிகட்டலுக்கும் அந்தந்த இடத்திலேயே புதிதாகக் கணக்கிடப்படும். வரிக்கு வரி எழுதிய நெடுவரிசையோ ரிஃப்ரெஷ் ஆகும்போது மட்டும் கணக்கிடப்பட்டு உறைந்து நிற்கும்.

போன ஆண்டு ஒப்பீட்டுக்கு நாலாவது மெஷர்: கால்குலேட் ஃபங்ஷனுக்குள் விகிதத்தையும், சேம் பீரியட் லாஸ்ட் இயர் என்ற ஃபங்ஷனையும் வையுங்கள். பின்னதற்கு உள்ளே தேதி அட்டவணையின் தேதி. தேதிக்குத் தனி அட்டவணை கேட்டது இதற்காகத்தான்.

வரைபடத்துக்குப் போகுமுன் ஒரு சோதனை. மூலக்கோப்பில் ஒரு மாதத்தின் கூட்டலை எக்செல்லிலேயே போட்டு, பவர் பிஐ காட்டும் எண்ணோடு ஒப்பிடுங்கள். ஒன்று கூடினாலும் குறைந்தாலும் காரணம் தெரியும்வரை மேலே போக வேண்டாம்.

படி 5: வரைபடத்தைத் தேர்ந்தெடுங்கள்

எண்ணைப் பார்த்தாலே போதாதா, படம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு 1973-இல் புள்ளியியலாளர் ஃபிரான்சிஸ் ஆன்ஸ்கோம்ப் பதில் சொல்லிவிட்டார். அவர் உருவாக்கிய நான்கு சிறிய தரவுத் தொகுப்புகளில் சராசரி, சிதறல், ஒட்டுறவு எல்லாம் ஏறத்தாழ ஒன்றே. வரைந்து பார்த்தால் ஒன்று நேர்கோடு, ஒன்று வளைவு, மற்ற இரண்டும் ஒற்றைப் புள்ளியால் திசைமாறியவை.

எந்தப் படம் என்பதற்கும் ஆய்வு இருக்கிறது. 1984-இல் வில்லியம் கிளீவ்லாந்தும் ராபர்ட் மெக்கில்லும் வெளியிட்ட கட்டுரைப்படி, ஒரே அளவுகோலில் உள்ள இடத்தை ஒப்பிடுவதில்தான் நம் கண் மிகத் துல்லியம். நீளம், கோணம், பரப்பு என்று போகப் போகத் துல்லியம் குறையும். பை சார்ட்டில் 23 சதவீதத்தையும் 26 சதவீதத்தையும் பிரித்தறியத் திணறுவது அதனால்தான்.

நம் பக்கத்துக்கு மூன்றே போதும். வகைவாரி விகிதத்துக்குக் கிடைமட்டப் பார், பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கி. காலப்போக்குக்குக் கோடு, இந்த ஆண்டும் போன ஆண்டும். காரணங்களுக்கு இன்னொரு பார். பாரின் அச்சு பூஜ்யத்தில்தான் தொடங்க வேண்டும், ஏனென்றால் அங்கே நீளம்தான் செய்தி. கோட்டுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

கோட்டு வரைபடத்தில் ஒரு பொறி ஒளிந்திருக்கிறது. நாம் ஆர்டர் தேதிப்படி கணக்கிடுகிறோம். போன வாரம் விற்றதில் திரும்பப் போகும் பொருட்கள் பல இன்னும் வந்து சேர்ந்திருக்காது. அதனால் கடைசி மாதத்தில் விகிதம் எப்போதும் சரிந்த மாதிரியே தெரியும், நிலைமை அப்படியே இருந்தாலும். திருப்பி அனுப்பும் கெடு முடியாத நாட்களைக் கோட்டிலிருந்து வடிகட்டிவிடுவது நல்லது. விட்டுவைத்தால், "கணக்கு முடியவில்லை" என்று தலைப்பிலேயே எழுதிவிடுங்கள்.

வண்ணம்: எல்லாம் சாம்பல், பேச வேண்டிய ஒன்று மட்டும் அழுத்தமான நிறம். சிவப்பையும் பச்சையையும் மட்டுமே நம்பி நல்லது கெட்டது சொல்ல வேண்டாம். வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 8 சதவீதத்தினருக்கு அந்த இரண்டும் குழம்பும்.

படி 6: பக்கத்தை அடுக்கி, பேச வையுங்கள்

மேலே இடமிருந்து மூன்று கார்டு (ஒற்றை எண்ணைக் காட்டும் பெட்டி): விற்றது, திரும்பியது, விகிதம். அதன் கீழே கோடு அகலமாக. அடியில் வகைப் பாரும் காரணப் பாரும் பக்கத்தில் பக்கத்தில். ஆண்டுக்கும் வகைக்கும் ஸ்லைசர் (பார்ப்பவர் தேர்ந்தெடுத்து வடிகட்டும் பெட்டி) ஒரு ஓரமாக. இரண்டு மூன்றுக்கு மேல் வைத்தால் யாரும் தொடமாட்டார்கள். ஒவ்வொரு படத்துக்கும் தலைப்பை நீங்களே எழுதுங்கள். மென்பொருள் தானாகப் போடும் தலைப்பு நெடுவரிசைப் பெயர்களின் கோவை, படிப்பவருக்கு உதவாது.

இப்போது காலணி பாரைக் கிளிக் செய்து பாருங்கள். கோடும் கார்டுகளும் காலணிக்கு மட்டும் மாறும். காரணப் பாரில் மொத்தம் மங்கலாகவும் காலணியின் பங்கு பளிச்சென்றும் தெரியும். இது ஹைலைட். சிறிய பங்குகள் அந்த மங்கலுக்குள் தொலைந்துபோகும் என்பதால் இங்கே ஃபில்டர்தான் பொருத்தம் என்பேன். வகைப் பாரைத் தேர்ந்தெடுத்து, ஃபார்மட் மெனுவில் எடிட் இன்டராக்‌ஷன்ஸ் அழுத்தினால் மற்ற படங்களின் மேல் சிறு ஐகான்கள் வரும். காரணப் பாரின் மேல் புனல் ஐகானைச் சொடுக்குங்கள்.

விவரம் கேட்பவருக்கு இரண்டாவது பக்கம். அதில் ஆர்டர் பட்டியலை ஒரு டேபிளாக வைத்து, ட்ரில்த்ரூ பெட்டியில் பொருள் வகையை இழுத்துவிடுங்கள். இனி முதல் பக்கத்தில் காலணியில் வலது கிளிக் செய்து ட்ரில்த்ரூ கொடுத்தால், காலணி ஆர்டர்கள் மட்டும் அங்கே விரியும். திரும்பி வரும் பட்டன் தானாகவே வந்துவிடும். டெஸ்க்டாப்பில் அதை அழுத்த கன்ட்ரோல் விசையும் சேர வேண்டும். தெரியாமல் பலர் பட்டன் கெட்டுப்போனதாக நினைத்துக்கொள்வார்கள்.

படி 7: பகிருங்கள்

பப்ளிஷ் கொடுத்தால் கோப்பு பவர் பிஐ-யின் இணையத் தளத்துக்குப் போகும். அதற்கு அலுவலகம் அல்லது கல்விநிலையம் தந்த மின்னஞ்சல் கணக்கு வேண்டும். அங்கே போனதும் நாம் செய்ததை ரிப்போர்ட் என்றுதான் பவர் பிஐ அழைக்கும். அதிலிருந்து படங்களைப் பின் செய்து தயாரிக்கும் ஒற்றைப் பக்கத்துக்குத்தான் அதன் அகராதியில் டாஷ்போர்டு என்று பெயர். குழம்ப வேண்டாம், உங்களுக்கு ரிப்போர்ட்டே போதும்.

பப்ளிஷ் டு வெப் என்ற இன்னொன்று இருக்கும். அதைத் தொடாதீர்கள். அதில் கிடைக்கும் சுட்டி யாரிடம் போனாலும் கடவுச்சொல் இல்லாமல் திறக்கும்.

கோப்பு உங்கள் கணினியிலேயே இருந்தால் தானியங்கி ரிஃப்ரெஷுக்கு, அதையும் பவர் பிஐ தளத்தையும் இணைக்கும் கேட்வே என்ற மென்பொருளை நிறுவ வேண்டும். ஒன்டிரைவிலோ ஷேர்பாயின்ட்டிலோ வைத்து அங்கிருந்தே இணைத்திருந்தால் அந்த வேலை மிச்சம். ப்ரோ என்ற கட்டண உரிமத்தில் ஒரு நாளைக்கு 8 முறை வரை ரிஃப்ரெஷ் நேரம் குறிக்கலாம். தோல்வியடைந்தால் மின்னஞ்சல் வரும்படி அமைத்துவிட்டு, ஆர்டர் அட்டவணையின் கடைசித் தேதியை ஒரு சிறு கார்டாகப் பக்கத்தின் மூலையில் வைத்துவிடுங்கள். பார்ப்பவர் முதலில் கேட்பது "இது எந்தத் தேதி வரைக்கும்?" என்றுதான்.